முப்பதுக்கு மேல் ஓடுகிறவனுக்கும் மைதானம் வேண்டும்

விழுப்புரம் மாவட்டத்தில் விடியற்காலையில் சாலையோரம் ஓடும் இளைஞனைப் பார்ப்பவர்களுக்கு ஒரே எண்ணம்தான் வரும்: போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிறான், இல்லாவிட்டால் மிலிட்டரிக்கு. அந்த எண்ணத்தில் தவறும் இல்லை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர். இராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டர். வானூர், கிளியனூர், மயிலம், மரக்காணம் வட்டாரத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்தத் தூரங்களுக்காகத்தான் ஷூ வாங்குகிறார்கள். வேலை கிடைத்ததும் ஓட்டம் நிற்கிறது. கிடைக்காமல் வயது வரம்பு தாண்டினாலும் நிற்கிறது. எது நடந்தாலும், இருபத்தைந்தைத் தாண்டிக் கொஞ்ச காலத்திலேயே ஓர் ஓட்டக்காரர் கணக்கிலிருந்து விடுபட்டுப் போகிறார்.

நெடுந்தூர ஓட்டத்துக்கு மனித உடல் கனிவதே அந்த வயதுக்குப் பிறகுதான். கனியும் நேரத்தில் கைவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம். அதை மாற்றப் பெரிய பணம் தேவையில்லை என்பதுதான் நான் சொல்லவந்தது.

எனக்கு 34 வயது. வானூர் வட்டத்துக்காரன். மருந்துக் கம்பெனி ஒன்றில் மெடிக்கல் ரெப். 10 கிலோமீட்டரும் அரை மாரத்தானும் என் தூரங்கள். உடம்பு இளைக்க ஓடுகிறவர்களை மதிக்கிறேன். ஆனால் நான் ஓடுவது கடிகாரத்தோடும், பக்கத்தில் வருகிறவரோடும் போட்டி போட. கிளியனூர் டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார்: "இந்த வயசுல எந்த செலக்‌ஷனுக்குத் தம்பி ஓடுற?"

"செலக்‌ஷனுக்கு இல்ல பெரியப்பா, ரேஸுக்கு."

"ஜெயிச்சா வேலை குடுப்பாங்களா?"

"வேலை இருக்கு பெரியப்பா."

வேலை இருக்கிறவன் எதற்கு ஓட வேண்டும் என்பது அவருக்கு விளங்கவில்லை. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் விளையாட்டு ஏற்பாடுகள் முழுவதும் அதே கேள்வியின் மேல்தான் நிற்கின்றன.

வயதுக் கணக்கை முதலில் பார்ப்போம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வென்றபோது போர்ச்சுகலின் கார்லோஸ் லோபஸுக்கு வயது 37. 2008 பெய்ஜிங்கில் பெண்கள் மாரத்தானை வென்ற ருமேனியாவின் கான்ஸ்டன்டினா டிட்டாவுக்கு 38. கென்யாவின் எலியுட் கிப்சோகே 2022இல் பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 நொடி ஓடி உலக சாதனையைப் புதுப்பித்தபோது அவருக்கும் 37. நம் நாட்டிலும் இதே கதைதான். இராணுவ வீரர் சிவநாத் சிங் 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தான் ஓடினார். அப்போது அவர் முப்பதைத் தாண்டியிருந்தார். அந்தச் சாதனையை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எந்த இந்தியராலும் தொட முடியவில்லை. 2015 பெய்ஜிங் உலகத் தடகளப் போட்டியில் 2 மணி 34 நிமிடம் 43 நொடியில் தேசிய சாதனை படைத்த ஓ.பி. ஜெய்ஷாவுக்கும் அப்போது 32. ஆசிய மாரத்தான் போட்டியில் 2017இல் தங்கம் வென்ற முதல் இந்திய ஆண், வயநாட்டின் டி. கோபி. அவருக்கு 29.

காரணம் உடலுக்குள் இருக்கிறது. நூறு மீட்டர் ஓட்டம் வெடிப்பு வேகத்தைக் கேட்கும். அது இளமையின் சொத்து. பத்து கிலோமீட்டரும் அதற்கு மேலும் கேட்பது வேறு. தசைநார்களுக்குள் மெல்லிய இரத்தக் குழாய்கள் பெருக வேண்டும். ஆக்சிஜனை எரித்துச் சக்தியாக்கும் திறன் கூட வேண்டும். கால் தசைநாண்கள் உறுதிப்பட வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் செலவாகும் சக்தி குறைய வேண்டும். இவை ஓராண்டிலோ ஈராண்டிலோ நடந்துவிடுவதில்லை. விடாமல் ஓடிய எட்டு, பத்து ஆண்டுகளின் சேமிப்பு அது. இருபது வயதில் தொடங்கியவருக்கு முப்பதில்தான் அந்தச் சேமிப்பு கைக்கு வருகிறது. நாம் இருபத்தாறிலேயே கணக்கை மூடிவிடுகிறோம்.

இனி, வேலைக்குப் போகிறவரின் ஒரு நாள் எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். என் ஹெட்குவார்ட்டர்ஸ் புதுச்சேரி. திண்டிவனம், விழுப்புரம், கடலூர் போய்வரும் ஊர்கள். சிதம்பரம், நெய்வேலி, திருவண்ணாமலைக்குப் போனால் இரவு அங்கேயே தங்க வேண்டும். டாக்டர்கள் ரெப்புகளைப் பார்ப்பது ஓ.பி. முடிந்த பிறகு: மதியம் இரண்டு மணி, அல்லது இரவு ஒன்பதரை, பத்து. கடைசி டாக்டரைப் பார்த்து, ரிப்போர்ட் போட்டு, பைக்கில் வீடு சேரும்போது பதினொன்று ஆகிவிடும். காலை ஐந்துக்குச் சாலையில் இருக்க வேண்டுமானால் நாலேகாலுக்கு எழ வேண்டும். ஓட்டக்காரருக்கு முதல் மருந்து தூக்கம். எங்கள் தொழில் முதலில் தின்பதும் அதைத்தான்.

அதனால் என் பயிற்சி அட்டவணையை டூர் புரோகிராமை வைத்தே எழுதுகிறேன். மாத முதலில் மேலதிகாரி ஒப்புதல் கொடுத்த டூர் புரோகிராம் கையில் வந்ததும், இரவு சீக்கிரம் முடியும் நாட்களைக் குறித்துக்கொள்வேன். அதற்கு மறுநாள் காலைதான் கடினமான பயிற்சி: ஆயிரம் மீட்டர் வேகமாக, இடையில் இரண்டு நிமிடம் மெதுவாக, திரும்பத் திரும்ப. இரவு தாமதமாகும் நாட்களுக்கு மறுநாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெது ஓட்டம். நார்வேயில் பணியாற்றும் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர் உலகின் முன்னணி ஓட்டக்காரர்களையும் பனிச்சறுக்கு வீரர்களையும் படகோட்டிகளையும் ஆராய்ந்து, அவர்கள் பயிற்சியில் ஏறக்குறைய 80 சதவீதம் இப்படி மெதுவானதுதான் என்று காட்டினார். எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய ஆறுதல். தினமும் உயிரைக் கொடுத்து ஓட வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாள் கடினமாக, மற்ற நாள் தவறாமல் மெதுவாக ஓடினால் போதும். வேலைக்காரரால் செய்ய முடியாதது எதுவும் அதில் இல்லை.

இதை மெய்ப்பித்துக் காட்டிய ஒரு நாள் உண்டு. 2018 ஏப்ரலில் நடந்த பாஸ்டன் மாரத்தான். கொட்டும் மழை, எலும்பைத் துளைக்கும் குளிர், எதிர்க்காற்று. தொழில்முறை வீரர்கள் பலர் பாதியிலேயே விலகினார்கள். ஆண்களில் முதலாவதாக வந்தவர் ஜப்பானின் யூகி கவாச்சி. அப்போது அவர் சைதாமா மாகாணத்தில் அரசுப் பள்ளி அலுவலக ஊழியர். பல ஆண்டுகள் பகல் ஒரு மணி வாக்கில் தொடங்கி இரவு ஒன்பதுக்குப் பிறகு முடியும் வேலை அவருக்கு. காலையில் ஓடிவிட்டு வேலைக்குப் போவார். விடுமுறை நாட்களில் பந்தயங்களுக்குப் பயணம் செய்வார். பந்தயத்தையே கடினப் பயிற்சியாக வைத்துக்கொண்டவர். அதே நாளில் பெண்களில் இரண்டாம் இடம் பிடித்த சாரா செல்லர்ஸ், அரிசோனாவில் மயக்க மருந்து செவிலியராக முழுநேரம் பணிபுரிந்தவர். விடியலுக்கு முன்போ, வேலை முடிந்த பிறகோதான் அவருக்கும் பயிற்சி. அந்த இடத்துக்கான பரிசு 75,000 டாலர் என்பது அவருக்கு ஓடி முடித்த பிறகுதான் தெரியவந்தது.

இந்த இருவரையும் விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் கவாச்சியைத் தாங்கிய நிலம் எது என்று பார்க்க வேண்டும். ஜப்பானில் நிறுவனங்கள் தம் ஊழியர்களைக் கொண்டு ஓட்ட அணிகள் நடத்துகின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று அந்த அணிகளின் தொடர் ஓட்டம் நடக்கிறது. நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்க்கிறது. கவாச்சி அந்த அணிகளில் சேரவில்லை. ஆனால் வேலைக்குப் போகிறவர் ஓடுவது அந்த ஊரில் யாருக்கும் புதிரில்லை. ஆண்டு முழுவதும் பந்தயங்கள் உண்டு, அளந்த பாதைகள் உண்டு, தேதிகள் முன்கூட்டியே தெரியும்.

நம்மிடம் இருப்பது வேறு வழி. இராணுவமும் ரயில்வேயும் காவல்துறையும்தான் இந்திய நெடுந்தூர ஓட்டத்தை இத்தனை காலம் சோறு போட்டு வளர்த்தவை. 2017இல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற புதுக்கோட்டையின் கோவிந்தன் லட்சுமணன் இராணுவத்தவர். அதே புதுக்கோட்டையிலிருந்து வந்த சூர்யா, 2016 குவாஹாட்டி தெற்காசியப் போட்டியில் அதே இரு தூரங்களிலும் தங்கம் வென்றார். தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. இவை எல்லாம் இருக்க வேண்டும், இன்னும் வளர வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஓட்டம் ஒரு வேலையை வாங்கித் தருமென்றால் அதைவிட நல்லது வேறில்லை.

ஆனால் இந்த வாசல் வழியாக நுழைந்தவர்கள் சிலர். நுழைய முடியாமல் நின்றவர்கள் பல மடங்கு. மாவட்ட அளவில் மூன்றாவது, நான்காவது வந்தவர்கள், மாநிலப் போட்டியில் சில நொடிகளில் தவறவிட்டவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்? டெலிவரி பைக் ஓட்டுகிறார்கள், சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறார்கள், கல்லூரிகளில் தற்காலிகமாகப் பாடம் எடுக்கிறார்கள், என்னைப் போல் மருந்துப் பை தூக்குகிறார்கள். அவர்களின் நுரையீரலும் கால்களும் இன்னும் பத்தாண்டு வளரக்கூடியவை. பத்தொன்பது வயதில் மூன்றாவது வந்தவர் முப்பதில் முதலாவதாக வரலாம். நெடுந்தூர ஓட்டத்தின் இயல்பே அதுதான். அந்த வாய்ப்பு அவருக்குக் கிடைக்காமல் போவதற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை. ஓட இடமில்லை, ஓடுவதற்கு நேரம் பார்த்துத் திறக்கும் கதவில்லை, போட்டியிடப் பந்தயமில்லை.

இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். வானூர் வட்டம் ஓடுவதற்கென்றே அமைந்த நிலம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ஆரோவில்லின் செம்மண் பாதைகள் இங்கேதான் இருக்கின்றன. 2008 முதல் நடக்கும் ஆரோவில் மாரத்தானுக்கு எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். மரநிழலில், காலுக்கு இதமான மண்ணில், இடவரிசையும் பரிசும் இல்லாமல் ஓட்டத்தின் மகிழ்ச்சிக்காகவே நடக்கும் நல்ல நிகழ்ச்சி அது. அது ஆண்டுக்கு ஒரு நாள். மற்ற நாட்களில் எங்கள் பக்கத்துச் சாலைகள் வேறு முகம் காட்டும். திருவக்கரைப் பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகள் இருட்டோடு இருட்டாகக் கிளம்பிவிடும். திண்டிவனம் – புதுச்சேரி நெடுஞ்சாலையில் ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஓடினாலும் லாரிக் காற்று ஆளைத் தள்ளும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வார இறுதி கார்கள் பறக்கும். உள்சாலைகளில் விளக்கு இருக்காது, நாய்கள் இருக்கும். பள்ளி மைதானங்களின் கேட் பூட்டியிருக்கும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, எதிரில் வரும் வண்டி தெரியும்படி சாலையின் வலப்பக்கமாக ஓடுவது ஒன்றே எங்கள் பாதுகாப்பு.

ஆண்களுக்கே இப்படி என்றால் பெண்களுக்கு? எங்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடும் ஒரு சகோதரி தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். காலை ஷிப்ட் என்றால் கம்பெனி பஸ் இருட்டில் வந்து ஏற்றிக்கொண்டுபோகும். மாலையில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். வார நாட்களில் அவர் ஓடுவது வீட்டு மொட்டைமாடியில். பள்ளிக் காலத்தில் மாவட்டத்துக்கு ஓடியவர் மொட்டைமாடியில் சுற்றிச் சுற்றி வருகிறார். இது அவருடைய விடாமுயற்சிக்குச் சான்று. நம் ஊர்களுக்குத் தலைகுனிவு.

மாற்று வழி இல்லை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் என் டூரிலேயே அதைப் பார்க்கிறேன். திருவண்ணாமலையில் தங்கும் நாட்களில் நான் ஓடுவது கிரிவலப் பாதையில். 14 கிலோமீட்டர். நடைபாதை உண்டு, விளக்கு உண்டு, குடிக்கத் தண்ணீர் உண்டு, விடியற்காலை நாலரை மணிக்கும் ஆள் நடமாட்டம் உண்டு. பக்தர்களுக்காகச் செய்த ஏற்பாடு, ஓடுகிறவரையும் காக்கிறது. நெய்வேலி டவுன்ஷிப்பின் அகலமான மரநிழல் சாலைகளில் பயமில்லாமல் வேகப் பயிற்சி செய்யலாம். சிதம்பரத்தில் நான்கு தேர் வீதிகளும் விடியலில் அமைதியாக இருக்கும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வாகனங்களுக்கு அனுமதி இல்லை. ஒரே ஒரு உத்தரவு, இரண்டு தடுப்புகள். அவ்வளவில் ஒரு நகரமே நடக்கிறது, ஓடுகிறது. வழிபாட்டுக்கும் சுற்றுலாவுக்கும் செய்ய முடிந்ததை விளையாட்டுக்கும் செய்ய முடியும்.

நேரத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். எங்கள் கடற்கரையில் உழைப்பு இருட்டிலேயே தொடங்கிவிடும். மரக்காணம் உப்பளங்களில் வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடிக்க, தொழிலாளர்கள் விடிவதற்கு வெகு முன்பே பாத்திகளில் இறங்குகிறார்கள். மீனவர்களுக்கும் அப்படித்தான். பால்காரர், பூக்காரர், கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர் எல்லாருக்கும் அப்படித்தான். ஆனால் பொதுமைதானங்களும் பூங்காக்களும் திறக்கும் நேரம், வேலைக்குப் போகும் அவசரம் இல்லாதவர்களின் நேரம். ஆறு மணிக்குத் திறக்கும் கேட், ஆறரைக்குப் பஸ் பிடிக்கிறவருக்குப் பூட்டிய கேட்தான்.

வெயிலையும் உப்பையும் சொல்லாமல் இந்தக் கடற்கரை ஓட்டத்தைப் பேச முடியாது. பங்குனி தொடங்கி ஆடி வரை இங்கே அதிகாலையிலும் காற்றில் ஈரப்பதம் கனக்கும். வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும், உடல் குளிராது. ஒரு மணி நேர ஓட்டத்தில் ஒரு லிட்டருக்கும் மேல் வியர்வை போவது சாதாரணம். அதோடு உப்பும் போகிறது. கழுவெளிச் சதுப்புநிலக் கரையோரம் நீண்ட ஓட்டம் முடித்து நின்றால் கறுப்புச் சட்டையில் வெள்ளைக் கோடு படிந்திருக்கும். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பது அப்போது ஆபத்து. இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றலில் தொடங்கி வலிப்பு வரை போகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். கலவையில் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருப்பதன் காரணம், இரண்டும் சேர்ந்தால்தான் குடல் நீரைச் சரியாக உறிஞ்சும் என்பதுதான். அது வயிற்றுப்போக்குக்கான மருந்து, ஓட்டத்துக்கென்று செய்ததில்லை. ஆனால் உப்பும் மாவும் நீரும் சேர்ந்த நீராகாரத்தை இந்த மண்ணில் உழைத்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தது வீண் இல்லை என்பதை அது புரியவைக்கிறது. கோடையில் நீண்ட ஓட்டத்துக்கு முன் நான் குடிப்பது அதைத்தான். இப்படிப்பட்ட விஷயங்களைச் சொல்லித்தர ஒரு பயிற்சியாளர் வட்டத்துக்கு ஒருவராவது இருந்தால், வெயிலில் மயங்கி விழும் செலக்‌ஷன் பிள்ளைகளின் எண்ணிக்கையே குறையும்.

இனி, என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். நான் கேட்பவை நான்கு.

முதலாவது, மைதானம். வட்டத்துக்கு ஓர் அரசுப் பள்ளி மைதானத்தையாவது அதிகாலை நாலரைக்குத் திறக்க வேண்டும். இரவு பத்து வரை திறந்திருக்க வேண்டும். இரண்டு விளக்குக் கம்பமும் ஒரு காவலரும் போதும். சிந்தெடிக் தளம் வந்தால் மகிழ்ச்சி. வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒழுங்காகச் சமன்படுத்தி, சுண்ணாம்பில் 400 மீட்டர் கோடு போட்ட மண் தரையே ஓட்டக்காரரின் முட்டிக்கு நல்லது. வெளிச்சமும் காவலும் இருந்தால் அந்தச் சகோதரி மொட்டைமாடியை விட்டுக் கீழே இறங்கி வருவார். அவரோடு இன்னும் பல பெண்கள் வருவார்கள்.

இரண்டாவது, அளந்த பாதை. நம் ஊர்ப் பந்தயங்களில் 10 கிலோமீட்டர் என்பது பைக் மீட்டரில் பார்த்த பத்தாகவே பெரும்பாலும் இருக்கிறது. ஓரிடத்தில் ஒன்பதரை, இன்னோரிடத்தில் பத்தேகால். ஓடிய நேரத்துக்கு அப்போது பொருளே இல்லை. உலக அளவில் பாதையை அளக்க ஒரு சைக்கிளையும் அதன் முன்சக்கரத்தில் பொருத்தும் சிறு கருவியையும்தான் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவின் ஆலன் ஜோன்ஸும் அவர் மகனும் 1971இல் உருவாக்கிய ஜோன்ஸ் கவுண்டர் அது. எஃகு நாடாவால் அளந்த தூரத்தில் சைக்கிளை ஓட்டி, சக்கரச் சுற்றின் கணக்கைச் சரிபார்த்த பிறகு பாதையை அளப்பார்கள். தூரம் எந்த வகையிலும் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்துக்கு ஒன்று கூட்டியும் வைப்பார்கள். பத்து கிலோமீட்டருக்குப் பத்து மீட்டர். இதற்கு ஆகும் செலவு ஒரு பரிசளிப்பு விழாவின் மேடைச் செலவை எட்டாது. வட்டத்துக்கு ஒரு சாலையை இப்படி அளந்து, கிலோமீட்டருக்கு ஒரு கல் நட்டு, ஞாயிறு காலையில் மட்டும் இரண்டு மணி நேரம் கனரக வாகனங்களைத் திருப்பிவிட்டால் போதும்.

மூன்றாவது, தேதி. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பொதுமக்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் தனிப் பிரிவுகள் வைத்திருப்பது நல்ல தொடக்கம். அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் நெடுந்தூர ஓட்டம் நடக்கிறது. இவற்றுக்கு அப்பால் ரோட்டரி, லயன்ஸ், கல்லூரிகள், மருத்துவமனைகள் நடத்தும் ஓட்டங்கள் ஏராளம். ஆனால் பல ஓட்டங்களின் தேதி ஒரு வாரத்துக்கு முன்புதான் பேனரில் தெரிகிறது. ஒரு மாதம் முன்பே டூர் புரோகிராம் கொடுத்தவரும், ஷிப்ட் எழுதிவைத்தவரும் அதற்குள் என்ன செய்ய முடியும்? ஜனவரியிலேயே மாவட்டத்தின் ஆண்டு முழுவதற்குமான ஓட்ட நாட்காட்டி ஒன்று வெளிவர வேண்டும். 35, 45, 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனித்தனிப் பிரிவு வேண்டும்.

அதோடு மாதம் ஒருமுறையாவது கட்டணமில்லாத, நேரம் குறிக்கும் 5 கிலோமீட்டர் ஓட்டம் வேண்டும். லண்டன் புஷி பூங்காவில் 2004 அக்டோபர் 2 அன்று பால் சின்டன்-ஹியூவிட் என்பவர் தொடங்கிய ஓட்டத்தில் முதல் நாள் ஓடியவர்கள் 13 பேர். பார்க்ரன் என்ற பெயரில் அது இன்று பல நாடுகளில் வாராவாரம் நடக்கிறது. பதக்கம் கிடையாது, டி-ஷர்ட் கிடையாது, நுழைவுக் கட்டணம் கிடையாது. நேரத்தைக் குறித்துத் தருகிறார்கள், அவ்வளவுதான். நடத்துகிறவர்கள் தன்னார்வலர்கள். நம் பெரிய நகர மாரத்தான்களில் நுழைவுக் கட்டணமே ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. பஸ், அறை, சாப்பாடு சேர்த்தால் சம்பளக்காரரின் ஒரு வார வீட்டுச் செலவு. அந்தந்த ஊரில் ஓட வழி செய்தால் இந்தச் செலவும் அலைச்சலும் மிச்சம்.

நான்காவது, முதலாளிகளுக்கு. மத்திய அரசு ஊழியர் தேசிய, சர்வதேசப் போட்டிகளில் கலந்துகொண்டால் ஆண்டுக்கு 30 நாள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு உண்டு. தனியாரில் அப்படி எதுவும் இல்லை. நான் முப்பது நாள் கேட்கவில்லை. மாவட்ட, மாநிலப் போட்டிக்கு முதல் நாள் இரவு ஷிப்ட் போடாதீர்கள். டூரை ஒரு நாள் தள்ளிப்போட அனுமதியுங்கள். நாலேகாலுக்கு எழுந்து எட்டு மணிக்குள் பதினைந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வேலைக்கு வருகிற ஊழியரிடம் நேர ஒழுங்கைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையிருக்காது. அந்த ஒழுங்கு உங்கள் நிறுவனத்துக்கும் பயன்படுகிறது.

இதனால் ஒலிம்பிக் பதக்கம் வருமா என்று சிலர் கேட்கலாம். உடனே வராது. ஆனால் ஒரு வட்டத்தில் நூறு பேர் முப்பது வயதிலும் நாற்பது வயதிலும் போட்டிக்கு ஓடுகிறார்கள் என்றால், அங்கே வளரும் பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் துணைக்கு ஓட ஆள் இருக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்கும், எதிர்த்து ஓட ஆள் இருக்கும். செலக்‌ஷனில் தவறினாலும் ஓட்டம் தன்னை விட்டுப் போய்விடாது என்ற நம்பிக்கை இருக்கும். இன்று அந்தப் பிள்ளை பார்ப்பது ஓடி முடித்தவர்களை மட்டுமே. ஓடிக்கொண்டிருப்பவர்கள் அதன் கண்ணில் படுவதில்லை.

மாவட்ட நிர்வாகமும், விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும், ஊராட்சித் தலைவர்களும், பள்ளித் தலைமையாசிரியர்களும் இதை நிதி கேட்கும் கோரிக்கையாகப் பார்க்க வேண்டாம். பெரும்பாலும் சாவி கேட்கும் கோரிக்கைதான் இது. விளையாட்டை விட்டுப் பத்தாண்டு ஆகிவிட்டது என்று ஒதுங்கியிருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நெடுந்தூர ஓட்டத்தில் உங்கள் வயது முடிந்துபோகவில்லை. உங்கள் ஊர் மைதானத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று இந்த வாரமே விசாரியுங்கள். நான்கு பேராகச் சேர்ந்து போய், அதிகாலையில் திறந்துவிடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.